ஈரம் படாத இடம்

அந்தக் கேசட் கோணிப் போயிருந்தது. எண்ணெயில் போட்ட அப்பளம் ஓரம் மடங்குமே, அப்படி. உள்ளே நாடா சுருளோடு சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு கழன்று உள்ளுக்குள் உருண்டது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸம்மா அதை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான். "இத எங்கம்மா வச்சீங்க, அடுப்புலயா?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது போடியில் நான் ரேடியோ, டிவி மெக்கானிக். இப்போதும் அதே கடைதான். டிவியை இன்று யாரும் ரிப்பேர் செய்வதில்லை, தூக்கி எறிகிறார்கள். ஆனால் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேர்க்கிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரிலிருந்து புரோகிராமை ஏற்றிக்கொள்ளும் அந்தச் சின்னப் பெட்டிகள்தான். என் நம்பர் எப்படியோ அவர்களுக்குள் சுற்றுகிறது. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பார்சல் வருகிறது, போனில் யோசனை கேட்கிறார்கள். பாதிப் பேர் பெட்டி கைக்கு வந்த நிமிடமே பிளக்கில் சொருகிப் பார்த்துவிட்டு, புகை வந்த பிறகு கூப்பிடுகிறார்கள். அவர்களை நான் திட்டாமல் விடுவதில்லை. முப்பது நாற்பது வருடம் பரணில் கிடந்ததை அப்படி எழுப்பக்கூடாது ஐயா. முதலில் பவர் சப்ளையைத் தனியாக எடுத்து, மீட்டரை வைத்து, என்ன வோல்டேஜ் வருகிறது என்று பார். அது கூடுதலாகக் கொடுத்தால் உள்ளே இருக்கிற சில்லெல்லாம் ஒரே நொடியில் போய்விடும். டேப் ரெக்கார்டரின் பெல்ட் இந்நேரம் தார் மாதிரி உருகியிருக்கும், மாற்று. பிரிண்டரைச் சொருகுவதானாலும் பிடுங்குவதானாலும் கரண்டை அணைத்துவிட்டுச் செய். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

போன வாரம் ஒருவர் கூப்பிட்டார். பழைய கேசட்டுகளை எங்கே வைப்பது என்று கேட்டார். கேள்வி சரியானதுதான். ஆனால் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஈரம் படாத இடத்தில் வையுங்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நானும் ஒருமுறை சொன்னேன்.

நர்ஸம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டர் மாதம் இரண்டு நாள் வருவார். மிச்ச நாளெல்லாம் அவர்தான் டாக்டர். லயங்களில், அதாவது வேலையாட்களின் வரிசை வீடுகளில், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த மாதம் எந்த ஊசி என்று பதிந்து வைத்து, தேதி வந்ததும் தேடிப் போய்ப் பிடித்துப் போடுவார். பிள்ளையை ஒளித்து வைக்கிற தாய்மார்களை அவர் திட்டுவதைக் கேட்டால் மலையாளமா தமிழா என்று தெரியாது, உறைக்கும். நான் மாதம் ஒருமுறை ஜீப்பில் மேலே ஏறுவேன். ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜுக்கும் அதன் ஸ்டெபிலைசருக்கும் நான்தான் வைத்தியம். மலை மேல் கரண்டு ஒரு நாள் நூற்றைம்பது வரும், மறுநாள் வரவே வராது.

அந்தக் கம்ப்யூட்டர் முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, விளையாடி, சலித்துப்போய் விட்டுவிட்டுப் போனது. ரப்பர் பொத்தான் வைத்த கறுப்புப் பெட்டி. கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன பிரிண்டரும் இருந்தது. அதில் மை கிடையாது. சூட்டினால் கறுக்கும் தாளில் எழுத்தைப் பொசுக்கி எடுக்கும். பங்களாவில் தூசி படிந்து கிடந்ததை நர்ஸம்மா கேட்டு வாங்கிவிட்டார். கூட வந்த புத்தகத்தை அகராதி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, இரண்டு மாதத்தில் தானே ஒரு புரோகிராம் எழுதினார். தேதியை அடித்தால் அந்த வாரம் ஊசி போட வேண்டிய பிள்ளைகளின் பெயர் மட்டும் டிவியில் வரும். எனக்கு அந்தப் பெட்டியைப் பற்றி அப்போது எதுவும் தெரியாது. அதற்கு டேப் ரெக்கார்டரைச் சரிசெய்து கொடுத்தது மட்டும்தான் நான்.

ஏற்றும்போது சத்தம் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பெட்டி ஏற்காது. முக்கால் பங்குச் சத்தம், ட்ரெபிள் என்கிற கீச்சுக்குரல் முழுதாக, அதுதான் கணக்கு. அந்த அளவு தவறாமல் இருக்க, வால்யூம் திருகில் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் ஒரு புள்ளி வைத்திருந்தார். நாடா உரசும் தலையை ஊசி போடும் முன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சாலேயே துடைப்பார். டிவி மேல் கேசட்டை வைத்தால் பக்கத்தில் நிற்கவே முடியாது. "ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா? நீயெல்லாம் என்ன மெக்கானிக்கு?" என்பார். இன்றைக்கு நான் போனில் சொல்கிற யோசனைகளில் பாதி அவருடையது. பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறேன், அவர் பேரைச் சொன்னதில்லை.

அந்த வருடம் தென்மேற்கு மழையில் டிஸ்பென்சரிக் கூரையின் தகடு ஒன்று பறந்துவிட்டது. விடிந்து பார்த்தால் அலமாரியில் இருந்த ஊசி ரெஜிஸ்டர் கஞ்சியாகிக் கிடந்தது. நீல மை முழுக்க ஓடிவிட்டது. "கேசட் இருக்கு, பிரிண்டு இருக்கு, போனாப் போகுது" என்று நர்ஸம்மா தெம்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேசட்டுகளிலும் வெள்ளையாகப் பூஞ்சை படர ஆரம்பித்திருந்தது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிற ஊர். உப்பு ஜாடி தண்ணீராகும், தீப்பெட்டி உரசாது. நான் பஞ்சால் துடைத்துக் கொடுத்தேன். வெளியே ஜீப்புக்காரர் லோடு ஏற்றிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொண்டை ஊசி வளைவெல்லாம் இருட்டுக்கு முன் தாண்ட வேண்டும். நான் டூல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியபடியே சொன்னேன்: "ஈரம் படாத எடமாப் பாத்து வைங்கம்மா. மொத சோலி அதுதான்."

அந்த மலையில், அந்த மழையில், ஈரம் படாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஏலக்காய் ஸ்டோர். ஸ்டோர் என்றால் அங்கே கடை இல்லை, பச்சைக் காயைக் காயவைக்கிற வீடு. வெளியே விறகை எரித்து, அந்தச் சூட்டை இரும்புக் குழாய் வழியாக உள்ளே விட்டு, கதவைச் சாத்தி வைப்பார்கள். நனைந்த கம்பளியையும் பிள்ளைகளின் துணியையும் பெண்கள் அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார்கள். அரிசியைக்கூடச் சிலர் அங்கே வைப்பார்கள். மலையில் இருக்கிறவர்களுக்கு அது இயல்பு. நர்ஸம்மா கேசட்டுகளையும் பிரிண்டுத் தாள்களையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு, ஸ்டோரில் மேல் தட்டில் பத்திரமாக வைத்துவிட்டார். நான் சொன்னதைச் சொன்னபடி செய்தார். மழைக்காலத்திலும் மேலே போய் வருகிறவன், இதை யோசித்திருக்க வேண்டியவன் நான். எனக்கு ஜீப்பைப் பிடிக்கிற அவசரம்.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் மணல்வாரி அம்மை கண்டது. ஊசி மருந்து ஐஸ் பெட்டியில் மதுரையிலிருந்து ஏறி வருகிறது என்று தகவல். பாட்டிலைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், வருவதும் எல்லாருக்கும் போதாது. ஏற்கெனவே போட்ட பிள்ளை யார், விட்டுப்போனது யார் என்ற பட்டியல் வேண்டும். நர்ஸம்மா தகரத்தை எடுக்கப் போனார். கேசட் கோணியிருந்தது. பிரிண்டுத் தாள் சூட்டில் எழுதுகிற தாள் அல்லவா, மொத்தமும் கறுத்துப்போய்க் கார்பன் தாள் மாதிரி இருந்தது. எனக்கு ஆள் விட்டார்கள். நான் போய்த்தான் அந்தக் கத்தலைக் கத்தினேன். பிறகு "ஸ்டோர்ல" என்று அங்கே நின்ற கங்காணி சொன்னபோது என் வாய் மூடிக்கொண்டது.

மேனேஜர் வந்தார். சின்ன வயது, பூட்ஸ் போட்டவர். ஆயா, கங்காணி, காய் எடுக்கிற பெண்கள் எல்லாரும் பார்க்க நர்ஸம்மாவைப் பேசினார். "கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு ஆடுனீங்கள்ல? எந்தக் கிறுக்கனாவது டேப்ப ஸ்டோர்ல வைப்பானா? யாரு வைக்கச் சொன்னது?"

நான் மூன்றடி தள்ளி, கோணல் கேசட்டின் நாடாவைப் பென்சிலால் வேறு கூட்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான் சார் வச்சேன்" என்றார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்து நாடாவைச் சுற்றினேன். ஊரில் எல்லாரையும் முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று எனக்குப் பேர். அந்தப் பேருக்கு நான் தகுதி இல்லாதவன் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஐந்து கேசட்டில் ஒன்று ஏறியது. டிவியில் கோடுகள் ஓடி, நின்று, அவர் எழுதிய புரோகிராம் வந்தது. தேதி கேட்டது. அடித்தோம். பெயர் ஒன்றுகூட இல்லை. புரோகிராம் ஒரு கேசட்டில், பெயர்கள் மற்றதில். வெறும் பாத்திரம் வந்தது, சோறு வரவில்லை. இதனால்தான் இன்றைக்கும் சொல்கிறேன்: எதையும் இரண்டு பிரதி எடு, இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதே, ஒன்று உன் வீட்டில் இருந்தால் இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். நர்ஸம்மா இரண்டு பிரதி எடுத்திருந்தார். இரண்டும் ஒரே தகரத்தில் இருந்தன.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. காய் எடை போடுகிற கொட்டகையில் மேசையைப் போட்டு, தாய்மார்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அங்கே யாருக்கும் மாதம் தேதி நினைவிருக்காது. ஆனால் ஏலக்காயை ஒரு தடவை எடுத்து முடித்து அடுத்த தடவை அதே செடிக்கு வர ஒன்றரை மாதம் ஆகும். அந்த எடுப்பு எல்லாருக்கும் மனப்பாடம். "மூத்தவனுக்குத் தொடையில போட்டது ரெண்டாம் எடுப்புக்கு, சின்னவளுக்கு மூணாம் எடுப்பு முடியிறப்போ" என்று சொல்வார்கள். அதை வைத்து மாதம் பிடித்து, இது எந்த ஊசி என்று கணித்து எழுதினார். இரண்டு நாளில் பட்டியல் வந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகப் பெட்டியில் ஏற்றினேன். அதற்குள் எனக்கும் அது பழகியிருந்தது.

அந்த வரிசையில் ராசிங்காபுரத்துப் பெண் ஒருவர் நின்றார். சீசனுக்கு மட்டும் மேலே வந்து கைப்பிள்ளையோடு லயத்தில் தங்கிக் காய் எடுப்பவர். "போட்டாச்சும்மா" என்றார். நர்ஸம்மா திரும்பவும் கேட்டார். "போட்டாச்சு போட்டாச்சு" என்றார். நான் போட்டாச்சு என்று அடித்தேன். போட்டது வேறு ஊசி. கேசட் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையின் பெயர் முதல் வரியிலேயே வந்திருக்கும். மருந்து வந்தது, பட்டியலில் விட்டுப்போனவர்களுக்கெல்லாம் போட்டார்கள், அந்தப் பையனுக்குப் போடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் அவனுக்கு அம்மை கண்டது. போடிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். பிழைத்தான். காதில் சீழ் பிடித்து இடது காது போய்விட்டது. மற்றப் பிள்ளைகள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் பேசவில்லை. அந்தத் தாய் போடி ஜீப் ஸ்டாண்டில் நர்ஸம்மாவை மறித்து, "பொட்டிய நம்பி எம்பிள்ளை காதப் போக்கிட்டயேடி பாவி" என்று மண்ணை வாரி விட்டது மட்டும்தான் ஊருக்குத் தெரியும்.

நான் அதற்குப் பிறகும் மாதாமாதம் மேலே போனேன். ஃபிரிட்ஜைப் பார்த்தேன். நர்ஸம்மா டீ கொடுத்தார், திட்டினார், கூலி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போடியிலேயே ஒரு சந்தில் வீடு எடுத்துத் தங்கிவிட்டார். கடைவீதியில் பார்த்தால், "கடை ஓடுதா?" என்பார். "ஓடுதும்மா" என்பேன். இப்படியே இத்தனை வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் அந்த ஆள் கேசட்டை எங்கே வைப்பது என்று கேட்டதும், மறுநாள் நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். எண்பதை நெருங்குகிறார். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குக் குச்சி, வாய் மட்டும் அப்படியே. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு ஈரம் படாத எடத்துல வைங்கன்னு சொன்னது நான்தாம்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதச் சொல்லத்தான் இந்த வெயில்ல வந்தியா? எங்காதுலதான சொன்ன, எனக்குத் தெரியாதா?"

"அப்ப மேனேஜர்ட்ட ஏம்மா எம்பேரச் சொல்லல?"

"சொன்னா அந்த ஆளு உன்னய மேல ஏற விட்டிருப்பானா? அப்பறம் ஊசி ஃபிரிட்ஜ எவன் பாப்பான்? உனக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான், தொட்டதெல்லாம் புகை. நீ கோட்டிக்காரன்தான், ஆனா சோலி சுத்தம்."

அவர் எனக்காகப் பழியைச் சுமந்தார் என்று இத்தனை வருடம் நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அவர் ஃபிரிட்ஜுக்காகச் சுமந்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. அந்த ஃபிரிட்ஜுக்குள்தான் அந்த மலைப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்லி என்னப்பா ஆகப்போகுது?" என்றார். "தெரியாதவ ஒருத்தி இருக்கா. போன மாசம் தேனி பஸ்சுல நான் ஏறினதும் எந்திரிச்சுப் பின்சீட்டுக்குப் போயிட்டா. ஆளு நரைச்சுப்போச்சு, கோவம் நரைக்கல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குச்சியைப் பிடித்த கை இறுகியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமாக யாருக்கு வலித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் புரிந்தது.

நேற்றுக் காலை ராசிங்காபுரம் போனேன். விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அந்த அம்மா வாசலில் மக்காச்சோளத்தைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மகன் டிராக்டர் வைத்திருக்கிறான், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். நான் பேச ஆரம்பித்ததும் அவன் வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கேசட்டைக் கெடுத்தது நர்ஸம்மா இல்லை, நான் சொன்ன சொல். மேனேஜர் அவரைப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்.

"விடுங்கண்ணே" என்றான் மகன். "வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தேன்னு வைங்க, வீட்டுக்காரி என்ன வஞ்சாலும் கேக்காது. ஊருக்குள்ள எல்லாப் பயலுக்கும் எம்மேல பொறாமை."

தாய் சிரிக்கவில்லை. சோளத்தைத் தள்ளுகிற பலகையைக் கீழே போட்டார். "ஏன்டா, போடிக்கும் எங்க ஊருக்கும் எத்தன மைலுடா? ஒரு பஸ்சு ஏறி வர இத்தன வருசமா உனக்கு? நல்ல மனுசிய நான் சந்தி சிரிக்க வஞ்சேனேடா. அவ போற பஸ்சுல ஏற மாட்டேன், அவ நிக்கிற கடையில நிக்க மாட்டேன்னு கெடந்தேனே. நீ கடையத் தொறந்து வச்சு வக்கணையா ரேடியோக் கேட்டுக்கிட்டு இருந்திருக்க." இன்னும் நிறையச் சொன்னார். எழுத முடியாது. அக்கம்பக்கத்தார் வந்து நின்று பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். மேனேஜர் முன்னால் நான் வாங்கியிருக்க வேண்டியது அது.

மூச்சு வாங்க நிறுத்தியவர், கீழே போட்ட பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நானுந்தான் போட்டாச்சுன்னு சொன்னேன். அந்தம்மா தெரியுமா தெரியுமான்னு திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. எனக்கு எடுப்புக்கு நேரமாச்சேன்னு அவசரம்."

மகன் ஏதோ சொல்ல வந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தம்மா வீடு போடியில எங்குட்டு இருக்கு?"